நட்டின் மேல் சிவப்புப் பொட்டு

பழைய டயரை ஓரமாகப் போடலாம் என்று தூக்கினான்.

அடியில் பெரிய ஸ்பேனர் கிடந்தது.

அப்படியே நின்றுவிட்டான்.

காலையில் பின்சக்கரத்தைக் கழற்றியது இந்த ஸ்பேனரால்தான். கழற்றிக் கீழே வைத்து, அதன் மேலேயே பழைய டயரையும் போட்டிருக்கிறான். இந்த அளவில் வீட்டில் வேறு ஸ்பேனர் கிடையாது.

அப்படியானால், புது டயரோடு சக்கரத்தை மாட்டியபின் எதை வைத்து முடுக்கினான்?

முடுக்கவே இல்லை.

நட்டைக் கையால் திருகிவிட்டது ஞாபகம் இருந்தது. ஸ்பேனரைத் தேடி எழுந்து போனதும் ஞாபகம் இருந்தது. திரும்பி வந்தபோது நட்டின் மேல் சிவப்புப் பொட்டு இருந்தது. சரி, பெண்டாட்டியே முடுக்கிவிட்டாள் போல என்று விட்டுவிட்டான்.

மகள் அந்த வண்டியில்தான் போயிருக்கிறாள்.

கார் நிறுத்தக் கட்டிய ஷெட் இது. கார்தான் வந்தபாடில்லை. ஊரார் வண்டிகளைப் புருஷனும் பெண்டாட்டியுமாக இங்கே வைத்துப் பழுது பார்க்கிறார்கள். அவன் முடுக்குவான். சில நாள் அவளும் முடுக்குவாள். முடுக்கியதும் அவன், "ம், வெய்யி" என்பான். அவள் சிவப்பு நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்து, பாதி நட்டிலும் பாதி போல்ட்டிலும் படுகிற மாதிரி ஒரு பொட்டு வைப்பாள். நட்டு இளகினால் பொட்டு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியும் நட்டு இளகித் திரும்பி வந்ததில்லை.

இன்றைக்கு அவன் "வெய்யி" சொல்லவில்லை.

இருவருக்கும் முந்தாநாளிலிருந்து பேச்சில்லை. மகள் மேகலைக்கு வால்பாறையில் எஸ்டேட் ஆபீசில் வேலை. பஸ்ஸில் போகட்டும் என்றான் இவன். அவள் வண்டியில் அவள் போகட்டும் என்றாள் இவள். மகள் அம்மா பக்கம் சாய்ந்தாள். அத்தோடு வாயை மூடிக்கொண்டவன்தான்.

ஸ்பேனரோடு அடுக்களை வாசலுக்கு ஓடினான். தூக்கிக் காட்டினான். அப்போதும் வாய் திறக்கவில்லை, பாவி.

அவளுக்கு உடனே புரிந்தது.

"நீங்கதான பாட்டிலை என் பக்கமா நவுத்துனீங்க? முடுக்கியாச்சு, வெய்யின்னு சொல்றீங்கன்னு நெனச்சனுங்க."

காலில் இடறாமல் இருக்கத்தான் நகர்த்தினான்.

போனை எடுத்து மகளுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வண்டியில் ஏறினால் போனை அணைத்துவிட வேண்டும் என்று மகளிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவன் அவன்தான்.

மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே.

ஆழியாறு தாண்டினால் மலை. வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. அங்கே எங்காவது பின்சக்கரம் ஆடினால்?

ஸ்கூட்டரைத் தள்ளினான். சாவி துவாரத்தில் நுழையவில்லை. அவள் சாவியைப் பிடுங்கித் தானே நுழைத்தாள்.

அப்போது போன் அடித்தது.

மேகலை.

எடுக்கிற தைரியம் இருவருக்கும் வரவில்லை. குரல் மகளுடையதாக இருக்க வேண்டுமே என்ற பயம். கடைசியில் அவள்தான் எடுத்தாள்.

"அம்மா, ஆழியாறு டீக்கடைல நிக்கறேன். பொட்டு ரெண்டா பிரிஞ்சு நிக்குது. நட்டு கையிலயே சுத்துது."

அவள் போனை அவனுக்கும் கேட்கிற மாதிரி நடுவில் பிடித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசாம வேலை செஞ்சீங்கல்ல, அதான் மலை ஏறறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்தேன். பக்கத்துல மெக்கானிக் கடை இருக்குது. ஆனா நீங்களே வாங்க. ரெண்டு பேரும் ஒரே வண்டில வாங்க."

ஸ்பேனரும் நகப்பூச்சுப் பாட்டிலுமாகப் போனார்கள். வழியெல்லாம் அவள் அவன் தோளைப் பிடித்திருந்தாள். பிடித்த இடம் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தான்.

டீக்கடை ஓரம் வண்டி நின்றிருந்தது. மகள் கையில் டீ கிளாஸ். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவன் மண்ணில் உட்கார்ந்தான். முடுக்கினான். ஸ்பேனர் நின்றது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினான்.

பெண்டாட்டி பழைய பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பாட்டிலைத் திறக்கவில்லை. கையை நீட்டினாள்.

ஸ்பேனரைக் கொடுத்தான்.

உடம்புப் பாரம் மொத்தத்தையும் போட்டு அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

பிறகு பாட்டிலைத் திறந்தாள். குச்சியை நட்டுக்குப் பக்கத்தில் பிடித்தபடி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க."

மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் வண்டி ஏறிவிடும். பஸ் இன்னும் இருக்கிறது என்பது நுனி நாக்கு வரை வந்தது. மகள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்தாள். மாட்டவில்லை. அவளும் காத்திருந்தாள்.

நகப்பூச்சு குச்சியின் நுனியில் திரண்டு மண்ணில் ஒரு சொட்டு விழுந்தது.

"ம்," என்றான்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"வெய்யி."