மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்

ஆபரேஷன் அறைக்குப் போகும் நடைவழியில் காலை வெயில் தள்ளுவண்டியின் சக்கரம் வரை வந்து நிற்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் பஞ்சாபகேசனுக்கு நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். எதையும் தானே பார்த்துக்கொள்கிற மனிதர்; காப்பீடு, சேமிப்பு, பெரிய டாக்டர் என்று ஒன்றையும் விடவில்லை. ஆனாலும் பாருங்கள், போர்வைக்குள் விரல்கள் நடுங்குகின்றன. மனைவி விசாலம் மஞ்சளில் நனைத்த துணித்துண்டை உள்ளங்கையில் விரித்தபடி பக்கத்தில் நிற்கிறாள். "ஏன்னா, வைத்தீஸ்வரனுக்கு முடிஞ்சு வைக்கணும். ஒத்தை ரூபா எங்கேயும் இல்லையே!" "நம்ம காசெல்லாம் போன்லன்னா இருக்கு! அதை முடிஞ்சு வை" என்று சிரிக்கப் பார்க்கிறார், சிரிப்பு வரவில்லை. வண்டி தள்ளும் வங்காளத்து ஆயா, புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை நீட்டுகிறாள். "நாவ், தீதி. மா ஆச்சேன்." எடுத்துக்கோ அக்கா, அம்மன் இருக்கிறாள் என்கிறாள். விசாலம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துணிக்குள் வைத்துச் சுருட்டுகிறாள். "இனிமே அவன் பாத்துப்பான்." அந்தக் கையில் துளி நடுக்கம் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் தனக்குக் காபி நீட்டிய கையை அவர் இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்க்கிறார். போர்வை விலகுகிறது. "இரு விசாலம். அந்த முடிச்சை நான் போடறேன்." நடுங்குகிற விரல்களாலேயே முடிச்சுப் போடுகிறார். அவர் முடித்துக் கொடுக்கும்வரை ஆயா வண்டியைத் தள்ளாமல் நிற்கிறாள்.