மூன்றாவது பலகை

"ஒண்ணு இந்தப் பட்டறையில அண்ணி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" கொழுந்தன் சுரண்டியை மேஜைமேல் போட்டான்.

"நானே போறேன் தம்பி. ஆனா கோணல் என்னுதுன்னு மட்டும் சொல்லாதீங்க," என்றாள் மருமகள்.

மூன்று இரும்புப் பலகைகள். மூத்தவனுக்கு ஒன்று, தம்பி கொழுந்தனுக்கு ஒன்று, மூத்தவன் மனைவியான மருமகளுக்கு ஒன்று. மூன்றும் மேடு பள்ளம் இல்லாமல் சமமாக வேண்டும். ஒன்றில் நீல மை பூசி இன்னொன்றை அதன்மேல் தேய்ப்பார்கள். மை ஒட்டின இடம் மேடு. அதைச் சுரண்ட வேண்டும். பலகை முழுக்க மை ஒட்டும்வரை ஓய்வில்லை.

மூத்தவன் பலகையோடு தம்பியுடையது அச்சாகப் பொருந்தியது. மருமகளுடையதும் பொருந்தியது. ஆனால் தம்பியுடையதையும் மருமகளுடையதையும் சேர்த்தால் ஓரத்தில் மட்டும் மை. நடுவில் வழுக்கை.

"யாருது கோணலோ அவங்க நாளையிலேர்ந்து பார்சல் கட்டப் போகணும்," என்றாள் மாமியார். பட்டறை அவளுடையது.

மருமகள் ஆறு மாதமாக முதுகு ஒடியப் பழகிய வேலை.

"என்னுது அண்ணனோட பொருந்துது. அப்ப நான் சரி!"

"என்னுதும் உங்க அண்ணனோடதான் பொருந்துது!"

மூத்தவன் சட்டைக்குள் அடங்காத வயிற்றைத் தடவிக்கொண்டான். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்."

காலையில் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தான்: "நீ சொல்றதுதான் சரி. தம்பிதான் அவசரக்காரன்." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

மாமியார் கொழுந்தன், மருமகள் இருவரின் பலகைகளையும் பக்கம் பக்கமாக வைத்தாள். "அளக்க ஒண்ணுமே இல்லாத காலத்துல, முதல் சமதளத்தை எதை வெச்சு நம்பியிருப்பாங்க?"

கொழுந்தன் தன் பலகையை விரலால் தடவிப் பார்த்தான்.

"ரெண்டு பலகை ஒத்துப்போச்சுன்னு நம்பிடல. மூணாவதைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. நடுவுல மை ஒட்டலைன்னா என்ன?"

"பள்ளம்," என்றான் கொழுந்தன்.

"யாருதுல?"

மருமகள் குனிந்து பார்த்தாள். "ரெண்டுலயும், அத்தை."

"ரெண்டு பள்ளத்தோடயும் அழகா ஒட்டிக்கிட்டதே ஒண்ணு, அது எப்படி இருக்கும்?"

நான்கு கண்கள் மூத்தவன் பலகைக்குப் போயின. அங்கிருந்து, அடக்க முடியாமல், அவன் வயிற்றுக்கு ஏறின.

"தொப்பை!" அண்ணியும் கொழுந்தனும் ஒரே குரலில் கத்தினார்கள். ஆறு மாதத்தில் முதல் ஒற்றுமை. கொழுந்தன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மருமகள் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் நீலம்.

"அடப்பாவி அண்ணா! காலையிலகூட என் காதுல சொன்னியே, 'நீ சொல்றதுதான் சரி, அண்ணிதான் அவசரக்காரி'ன்னு!"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. "எனக்கும் அதேதான் சொன்னார் தம்பி, ஆளை மட்டும் மாத்தி!"

மாமியார் பார்சல் மேஜைப் பக்கம் கையைக் காட்டினாள். "கிளம்புப்பா."

மூத்தவன் தலையை ஆட்டினான்.

"நீங்க சொல்றதுதான் சரிம்மா."