நாளைக்குப் போகாதே

"நாளைக்குத் தேர்வுக்குப் போகாதே. வயலினைப் பெட்டியில் வைத்து மூடு."

அப்பா அதைக் கைப்பேசியில் பார்த்து உரக்கப் படித்தார்.

"கேட்டியா? எவ்வளவு கொழுப்பு இருந்தா இப்படி எழுதுவான்! அதுவும் தேர்வுக்கு முந்தின நாள்!"

மகள் மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"யாரு, அந்த 'அறுந்த தந்தி'யா?"

"வேற யாரு? பேரைப் பாரு, பேரை! வெளங்குமா?"

இசை படிக்கும் பிள்ளைகளுக்கான இணையதளம் அது. தாளம் தட்டித் தரும். சுருதி விலகினால் காட்டிக்கொடுக்கும். கடினமான இடங்களைப் பாதி வேகத்தில் போட்டுக் காட்டும். வாசித்ததைப் பதிவு செய்து போட்டால், முகம் தெரியாதவர்கள் கேட்டுவிட்டுக் கருத்து எழுதுவார்கள். மகளுக்கு அதில் கணக்கு தொடங்கிக் கொடுத்ததே அப்பாதான்.

மகள் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தாள். வயலின் ஒரே இடத்தில் வந்து வந்து நின்றது.

"ஆரம்பத்துலேர்ந்தே இவன் இப்படித்தான். சுருதி இறங்குதுங்கிறான், வில்லை அழுத்துறேங்கிறான். ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு எழுதியிருக்கானா?"

"அவர் சொன்னப்புறம்தான் அந்த ரெண்டாவது பகுதி சரியா வந்துச்சுன்னு இவளே சொன்னாளேங்க."

"நீ வேற! அவன் பிள்ளையும் நாளைக்கு இதே இசைக் கல்லூரித் தேர்வுக்கு வருதோ என்னமோ. எப்படியாவது நம்ம பொண்ணு வராம இருந்தா சரின்னு பார்க்கிறான். அப்பட்டமான பொறாமை."

"முன்னப் பின்னத் தெரியாத ஆளைப் பத்தி ஏங்க அப்படி..."

"தெரியாத ஆளுக்கு என் பொண்ணைப் போகாதேன்னு சொல்ல என்ன உரிமை?"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அப்பா மகளின் கணக்கைத் திறந்தார். கடவுச்சொல் அவருக்குத் தெரியும். அந்த ஆளைத் தடுக்கும் பொத்தானை அழுத்தினார். 'இவர் எழுதிய கருத்துகள் அனைத்தும் நீக்கப்படும். இவற்றை மீட்க முடியாது. சம்மதமா?' என்று கேட்டது.

சம்மதம் என்றார் அப்பா.

"ஒழிஞ்சான்."

வயலின் நின்றது. அறைக் கதவு திறந்தது.

மகள் தன் கைப்பேசியைப் பார்த்தபடியே வந்தாள்.

"அப்பா, இதுல ஒரு கருத்து இருந்துச்சு. இப்பதான் முதல் வரியைப் பார்த்தேன். மீதியைப் படிக்கத் திறந்தா காணோம்."

"நான்தான் தூக்கிட்டேன். நீ அதையெல்லாம் பார்க்க வேணாம்மா."

மகளின் முகம் வெளிறிப்போனது.

"தூக்கிட்டீங்களா? மீதியைப் படிச்சீங்களா நீங்க? 'மேலும்'னு கீழே இருந்துச்சே!"

"முதல் வரியே போதுமே. அதுக்கு மேல என்ன படிக்கணும்?"

"அவர்கிட்ட நான் ஒண்ணு கேட்டிருந்தேன்ப்பா..."

"அவன்கிட்ட என்ன கேட்கிறது? அவன் ஒருத்தன் சொன்னா ஆச்சா? அவனுக்கு மேலே பாரு. பன்னிரண்டு பேர் பாராட்டியிருக்காங்க. 'கண்ணீரே வந்துவிட்டது'ன்னு ஒருத்தர். 'நாளை வெற்றி உனக்கே'ன்னு ஒருத்தர். இவங்கல்லாம் முட்டாளா?"

"அவங்க யாரும் கேட்கலப்பா."

"கேட்காம எப்படிம்மா எழுதுவாங்க?"

"அதான் எனக்கும் புரியல. நீங்க கேட்டீங்களா? இன்னைக்குப் போட்டதை?"

"கேட்காம இருப்பேனா? அமர்க்களமா இருந்துச்சு."

மகள் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"இன்னொரு தடவை கேளுங்கப்பா. முழுசா."

அறைக்குள் போய்விட்டாள். அதன் பிறகு வயலின் சத்தம் வரவில்லை.

"என்னங்க ஆச்சு இவளுக்கு?" அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "போடுங்க, கேட்போம்."

அப்பா பதிவை ஓடவிட்டார். நல்ல தொடக்கம்தான். அவருக்குப் பழகிய தொடக்கம். வழக்கம்போல் விரல் கருத்துகள் பக்கத்துக்குத் தாவப் பார்த்தது. அம்மா பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

பாதி தாண்டியதும் வயலின் திடீரென்று நின்றது. ஒரு மூச்சு கேட்டது. பிறகு மகளின் குரல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல மெல்லியதாக.

"இதுவரைக்கும் யாராவது கேட்டுக்கிட்டு இருக்கீங்களா? என் இடது கையில ரெண்டு விரல் மரத்துப்போகுது. வாசிச்சு முடிச்சா தோள் வரைக்கும் வலிக்குது. எனக்கு இடம் கிடைச்சிடும்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு, அவர்கிட்ட சொல்லப் பயமா இருக்கு. நாளைக்கு நான் வாசிக்கலாமா, கூடாதா? யார்கிட்ட காட்டணும்? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. ப்ளீஸ்."

வயலின் மறுபடி தொடங்கியது. தடுமாறித் தடுமாறி முடிந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"கடவுளே... இதைக் கேட்டுட்டுத்தான் அந்த மனுஷன் போகாதேன்னு எழுதியிருக்காரு. மீதியில யார்கிட்ட காட்டணும்னு சொல்லியிருந்தாரோ என்னமோ."

அப்பா பக்கத்தை மூடப் போனார்.

அம்மா கைப்பேசியைப் பிடுங்கி, பாராட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அருமையாம்! பிரமாதமாம்! புள்ள இப்படிக் கெஞ்சியிருக்கா, அது காதுல விழாம வெற்றி உனக்கேன்னு எழுதியிருக்குதுங்க பாருங்க! யாருங்க இதெல்லாம்? மனுஷங்கதானா?"

பன்னிரண்டு பெயர்களுக்கும் கடவுச்சொல் தெரிந்த ஒரே மனிதர், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.