அஞ்சு மணி வரைக்கும்தான்

"மிசஸ் டோலன், இன்னிக்கு ராத்திரி என்கூடச் சாப்பிட வர்றீங்களா?"

மெர்ல் கேட்டதும், தொட்டிக்குள் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்த சலவைக்காரி நிமிர்ந்தாள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், இப்போது சுற்றுலாக் காட்சியிடமாகிவிட்ட ஒரு பழைய எல்லைக் கோட்டையில் அவளுக்குக் கொடுத்த வேஷம் அது. 1876-ஆம் வருஷத்துப் பட்டாளத்துச் சலவைக்காரி. கோட்டையில் சட்டம் ரொம்பக் கறார். டிக்கெட் வாங்கி வந்தவர் என்ன கேட்டாலும் வேஷக்காரர்கள் மரியாதையாகப் பதில் சொல்லியே ஆகவேண்டும். வேஷத்தை விட்டு மட்டும் வெளியே வரக் கூடாது.

"நான் கல்யாணமானவ, ஐயா."

"சரி, வீட்டுக்காரர் எப்படி?"

"குதிரைப்படையில இருக்காரு. மகா மறதி. ஒருநாள் குதிரையையே எங்கேயாவது மறந்துட்டு நடந்து வரப்போறாரு, பாருங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மெர்லோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சு மணிக்குக் கொடி இறங்கினால் கோட்டை மூடிவிடும். இன்னும் கால் மணி நேரம்தான். அதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தாக வேண்டும். இன்றோடு மூன்றாவது நாள், மூன்றாவது டிக்கெட்.

"பாவம் மனுஷன். மன்னிச்சு விட்டுடலாமே?"

"மன்னிப்பா? அது இன்னும் எங்க கோட்டைக்கு வந்து சேரலீங்க. அடுத்த தபால் வண்டியில வருதான்னு பார்ப்போம்."

"நானே சமைச்சுப் போடறேன்."

"சிப்பாய்ங்க சமையலைச் சாப்பிட்டுச் செத்தவங்க பட்டியல் பட்டாளத்து ஆஸ்பத்திரியில மாட்டியிருக்கு. போய்ப் படிச்சுட்டு வாங்க."

"தலை நரைச்சும் புத்தி வரலையே! கல்யாணமானவகிட்ட என்ன பேச்சு இது?" என்று தொப்பி போட்ட ஒரு அம்மாள் மெர்லிடம் சீறினாள். "ஏம்மா, ஆபீஸ்ல புகார் கொடுக்கட்டுமா?"

"வேண்டாங்க. இந்த மாதிரி அழுக்கையெல்லாம் நானே அடிச்சுத் துவைச்சுடுவேன்" என்றாள் சலவைக்காரி.

எக்காளம் ஊதினார்கள். கொடி இறங்கியது. கூட்டம் வாசல் பக்கம் நகர்ந்தது. போச்சு! இனி அவள் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மெர்ல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"மெர்ல், கார் சாவியைக் குடு. கல்யாண நாளையே மறந்த ஆளு, ஓட்டலுக்குப் போற வழியையும் மறந்துடுவே."

மூன்று நாளாக வீட்டில் வாயே திறக்காத பெண்டாட்டி, டிக்கெட் இல்லாமலேயே பேசிவிட்டாள்!