சாகாத பேட்டரி

இந்த வகை பேட்டரி சீக்கிரமே செத்துவிடும், அதற்குக் காரணம் இதுதான் என்று நிறுவியே நஸ்ரின் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். எங்கெங்கோ விண்ணப்பித்து ஓய்ந்த பிறகு, அந்தக் காரணத்தைக் கேட்பதற்கென்றே ஓர் ஆய்வகம் அவளைப் பட்டத்துக்குப் பிந்தைய போஸ்ட்டாக் ஆய்வுப் பணிக்கு இணையவழி நேர்காணலுக்கு அழைத்திருந்தது. தன் லேப்பிலேயே மடிக்கணினியைத் திறந்து காத்திருந்தாள். பழைய சோதனைகளைப் பிரித்து அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்த சக ஆய்வாளன் ஐசக் திடீரென்று கூப்பிட்டான்.

“நஸ்ரின், இது உன்னோடதுதானே? இன்னும் ஓடிக்கிட்டிருக்கு!”

பொத்தான் அளவு பேட்டரி. எடுக்க மறந்துபோனது. சார்ஜ் ஏறுவதும் இறங்குவதுமாக, யாரையும் கேட்காமல் உயிரோடு இருந்தது. இது ஏன் சாகவில்லை? அப்படியானால் மற்றவை எதனால் செத்தன?

அதற்குள் திரையில் அந்த ஆய்வகத்தின் பேராசிரியர் வந்துவிட்டார். “வணக்கம்மா. நீங்க சோதிச்ச எல்லாமே செத்துப்போச்சு, அப்படித்தானே?”

கேமராவில் படாத இடத்தில் நின்ற ஐசக், பேட்டரியின் ஒயரைத் தொட்டுக்காட்டி, பிடுங்கிவிடவா என்று சைகையில் கேட்டான்.

நஸ்ரினின் தலை ஆடியது. யாருக்கு ஆட்டினோம், ஆமாம் என்றா வேண்டாம் என்றா, அவளுக்கே புரியவில்லை. பேராசிரியர் திருப்தியாகச் சிரித்தார். ஐசக் ஒயரை நோக்கிக் குனிந்தான்.