ஃபில்டர் எங்கே போச்சு?

"ஸ்ரீநாத், ஃபில்டர் எங்கே போச்சு?"

ரெனீ மறுபடியும் கையைத் தூக்கினாள். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் இருந்த அந்த அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

சரக்கு ரிப்போர்ட் எடுக்கிற சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாற்றியதிலிருந்து இதே கூத்துதான். இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. சொல்லிக்கொடுக்க வந்த ஸ்ரீநாத்தை அவள் நிமிஷத்துக்கொரு தடவை கூப்பிட்டாள்.

பக்கத்து மேசையில் மரியஅந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் ஃபில்டர் கிடைக்கவில்லை. எக்ஸ்போர்ட் பட்டன் கிடைக்கவில்லை. சேமித்து வைத்த பழைய ரிப்போர்ட்டுகள் எந்த மூலையில் இருக்கின்றன என்றே தெரியவில்லை.

ரிப்போர்ட் என்றால் அந்தோணி என்று பெயர் வாங்கியவர். இப்போது வாயைத் திறந்து கேட்டால், வயசான ஆளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். காலையில் பிடோக்கில் ரயில் ஏறும்போதே அதே நினைப்புதான்.

"இடது பக்கம் மூணு கோடு இருக்குல்ல? அதுக்குள்ள மாத்தி வெச்சுட்டாங்க!" ஸ்ரீநாத் சத்தமாகச் சொன்னான்.

அந்தோணியின் மவுஸ் ஓசைப்படாமல் அங்கே நகர்ந்தது. கிடைத்துவிட்டது!

"நேத்தும் இதையேதான் கேட்டா லா," என்று யாரோ சிரித்தார்கள்.

அந்தோணியும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வாரமே மேனேஜர் யாமினி அவரை அறைக்குக் கூப்பிட்டாள்.

"ஆளைக் குறைக்கச் சொல்றாங்க, அந்தோணி. ரெனீயோட கான்ட்ராக்ட் மாசக் கடைசியில முடியுது. உங்களுக்குப் புது சிஸ்டம் பழகிடுச்சு. அவதான் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கா. நீங்க பக்கத்துல இருக்கறவர். என்ன சொல்றீங்க?"

அவளை அனுப்பவில்லை என்றால் தன்னைத்தான் அனுப்புவார்கள் என்பது அந்தோணிக்குப் புரிந்தது.

"நல்ல பொண்ணுதான்... ஆனா ரொம்ப ஸ்லோ லா."

மாசக் கடைசியில் ரெனீ அலுவலக பாஸைத் திருப்பிக் கொடுத்தாள். கண்கள் சிவந்திருந்தன. "உடம்பைப் பார்த்துக்குங்க, அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை வந்த ஸ்ரீநாத், காலி நாற்காலியைப் பார்த்தான்.

"ரெனீ எங்கே?"

"அனுப்பிட்டாங்க. பாவம், சிஸ்டம் அவளுக்குப் பிடிபடவே இல்ல," என்றார் அந்தோணி.

"பிடிபடலையா? போன கம்பெனியில ரெண்டு வருஷம் இதே வெர்ஷன்ல வேலை பார்த்தவளாச்சே!" ஸ்ரீநாத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "முதல் நாளே என்கிட்ட வந்து சொன்னா. 'பக்கத்துல இருக்கற அங்கிளுக்குக் கேக்கக் கூச்சமா இருக்கு. அவருக்குப் பதிலா நான் கேக்கறேன். நீங்க அவர் காதுல விழற மாதிரி பதில் சொல்லுங்க'ன்னு."