கிளை விட்ட பிரியாணி

"கட்டின பொண்டாட்டிகிட்ட பேசறதுக்கு உனுக்கு ஏஐ கேக்குதா மாமு?"

பாரி சிரித்த சிரிப்பில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. வல்லரசுவுக்கு மானமே போனது.

இருவருக்கும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலை. வல்லரசு கிரேன் ஓட்டுகிறவன், பாரி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன்.

"ஏஐகிட்ட ஒரே விசயத்த மாத்தி மாத்திக் கேட்டு எல்லாம் கொயம்பிக்கிச்சி. அடுக்கிக் குடுடா" என்று போனை நீட்டியதே வல்லரசுதான். பாரி ஏதோ ஒரு ஆப்பில் போட்டான். சிதறிக் கிடந்த பேச்செல்லாம் திரையில் ஒரு மரமாக எழுந்து நின்றது. ஒரே விஷயத்தைப் பற்றிய கேள்விகள் ஒரே அடிமரத்தில் கிளை பிரிந்திருந்தன.

பாரி சத்தமாகப் படித்தான். "என் பொண்டாட்டி மதி செய்யற பிரியாணி நல்லா இல்லன்னு மனசு நோவாம எப்படிச் சொல்றது?"

அதிலிருந்து குட்டிக் கிளைகள். 'அழுதா?' 'கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிட்டா?' 'சோறு போடலன்னா?'

"இத்தினி நாளா சூப்பரு சூப்பருன்னு துன்னுட்டு, இப்ப இன்னாத்துக்கு மாமு?"

"ஆசையா செய்றாளேடா, எப்படிச் சொல்றது? ஒரு நாளு வாய் தவறி, 'கடையே போடலாம் மதி'ன்னுட்டேன். அவளும் சரின்னுட்டா. போர்டுகூட எய்தியாச்சி. நாளிக்கி கம்பெனி வேலைய வுட்டு நிக்கப் போறா. வர்ற ஜனம் ஒரு வாய் வச்சிட்டுத் துப்பினா, அவ தாங்க மாட்டாடா."

"நல்லவன்னு பேர் வாங்கணும்னே பொய் சொல்லிகினு இருந்துகீற. இப்ப அவ பொயப்புல கைய வச்சிட்ட."

பாரி சொன்னதில் தப்பில்லை என்று வல்லரசுவுக்கும் தெரியும்.

மரத்தைத் தள்ளிக்கொண்டே போன பாரி சட்டென்று நிறுத்தினான்.

"மாமு, அந்தாண்ட இன்னோரு கிளை கீது. இதுவும் நீ கேட்டதா?"

வல்லரசு எட்டிப் பார்த்தான். "நான் கேக்கலியே!"

"உன் போனு, மதி போனு, ரெண்டுக்கும் ஒரே மெயில் ஐடிதானா?"

"ஆமா. செல்லுக் கடைக்காரன்தான் போட்டுக் குட்தான்."

"அப்ப ரெண்டு பேர் கேட்டதும் ஒரே எடத்துலதான் சேரும். இது மதி தங்கச்சி கேட்டது. நீயே படி."

வல்லரசு எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'என் வூட்டுக்காருக்கு நான் பிரியாணிக் கடை வைக்கணும்னு ரொம்ப ஆசை. எனக்கு பிரியாணி சரியா வராது, அது எனக்கே தெரியும். என்மேல இருக்கிற ஆசையில அவருக்கு மட்டும் ருசியா கீது. கடை வேணாம்னு அவர் மனசு நோவாம எப்படிச் சொல்றது?'

இவளிடமா வாயைத் திறக்க இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது வல்லரசுவுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வூட்டுக்குப் போறேன்டா. நேராவே பேசிடறேன்."

"சீக்கிரம் போ மாமு. அதுக்கும் கீய இன்னோரு குட்டிக் கிளை கீது."

"இன்னா கேட்டுகீறா?"

பாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தான்:

"பாவம், ஆசையா துன்ற மனுசன். கடைக்குப் பதிலா தெனம் வூட்லயே பிரியாணி செஞ்சி போட்டா சமாதானம் ஆயிடுவாரா?"